வைத்தியனும் வாணியனும்

“வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு” என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. வாணியன் என்பான் செக்காட்டி எண்ணெய் விற்பவன். நோய் வந்தபின் மருத்துவன் கையிற் கொடுக்கும் பொருளை, நோய் வாராமுன் நல்லெண்ணெய்க்கும் நல்லுணவுக்குமாகச் செலவிடுக என்பதே இதன் கருத்து. இச்சிறு தொடருள் ஒரு குடும்பத்தின் வரவுசெலவுத் திட்டம் அடங்கியுள்ளது. உற்று நோக்குவார்க்கு ஒரு நாட்டின் வரவுசெலவுத் திட்டமும் அதனுட் புலனாகும். இப்பழமொழியை வாயாற் சொல்லுவார் பலர். அதன்வழி நடப்பார் சிலர். அதனை அரசினிடத்துக் கேட்பாரோ மிகச் சிலர். இம்மூன்றாவது குறையே ஏனைய இரண்டினும் கொடிது என்பது எம் கருத்து. அதனை எம் திருநெல்வேலிச் சீமையையும் பொருநை பாயும் நிலத்தையும் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தமிழ் பயில்வார்க்கு இது புதிய கருத்தன்று. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் உண்டு. மருந்துகளின் பட்டியலைக் காண விழைந்து அதனுட் புகுவார் ஏமாற்றமே அடைவர். அதன் பத்துக் குறள்களுள் பெரும்பகுதி உண்ணும் முறையையும் உணவின் அளவையுமே பேசுகின்றன. மருத்துவன் செய்தொழில் இறுதிக்கண்ணேதான் வருகின்றது. மேலும், அவ்வதிகாரம் பொருட்பாலின்கண் வைக்கப்பட்டுள்ளது. அரசும் அமைச்சும் நாடும் பேசப்படும் பகுதியிலே நோயும் மருந்தும் பேசப்படுதல் எண்ணத்தக்கது. உடல்நலம் வீட்டுக் காரியமாதலோடு நாட்டுக் காரியமுமாம் என்று கொள்ள அவ்வைப்புமுறை இடந்தருகின்றது.

இனி, நம் மக்கள் உடல்நலத்தை எங்ஙனம் மதிக்கின்றனர் என்பதைக் காண்போம். காய்ச்சலுற்றார் மருத்துவரிடஞ் சென்றால், “ஊசி போடுங்கள்” என்று தாமே கேட்கின்றனர். ஊசி போடாது, “ஓய்வு கொள்ளுங்கள், கொதிக்கவைத்த நீரைப் பருகுங்கள்” என்று சொல்லியனுப்பும் மருத்துவர், கைராசியில்லாதவர் எனப் பெயர் பெறுகின்றார். மணவீட்டுக்கும் காதணி விழாவுக்கும் கடன் வாங்க அஞ்சாத குடும்பம், ஆண்டுக்கு ஒருமுறை குருதியிற் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ள அஞ்சுகின்றது. “பார்த்தால் இருக்கிறது என்பார்கள், பாராதிருந்தால் இல்லை” என்பது ஊரார் கூறும் நியாயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நிகழ்ந்து 2023இல் வெளிவந்த ஆய்வொன்று, நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேற்பட்டவர் என்று கணக்கிட்டது. அந்நோய் ஒருநாளில் வந்து தாக்குவதன்று. பல்லாண்டு வாயிலில் நின்று தட்டியபின்னரே உட்புகுவது. தட்டும் ஓசையைக் கேளாதார் போல் இருந்துவிட்டுக் கால் புண்பட்டபின் நகரத்து மருத்துவமனைக்கு ஓடுகின்றோம். அப்போது விற்பது நிலமாகவோ நகையாகவோ இருக்கின்றது.

இவ்வியல்பைக் கண்டு அறிஞர் இருதிறப்படப் பேசுவர். ஒரு சாரார், “மக்கள் அறியாமையே எல்லாவற்றிற்கும் காரணம், ஒவ்வொருவரும் தம் உடலைத் தாமே பேணிக்கொண்டால் அரசுக்கு இதில் வேலையில்லை” என்பர். மற்றொரு சாரார், “எல்லாம் அரசின் கடமை, மக்களைக் குறை கூறுதல் தகாது” என்பர். இரண்டும் பாதி உண்மைகள். அவற்றைப் பொருத்திப் பார்த்தற்கு நம் சீமையிலேயே நிகழ்ந்த ஒன்று துணைசெய்யும்.

2012ஆம் ஆண்டில் டெங்குக் காய்ச்சல் அக்காலத்துத் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்த கடையநல்லூர் முதலிய ஊர்களிற் கடுமையாகப் பரவிற்று. அவ்வாண்டில் தமிழ்நாடெங்கும் 12,000க்கு மேற்பட்டோர் அந்நோயுற்றனர். 60க்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையிற் பிறப்பதன்று. நாம் குடிக்கவும் குளிக்கவும் நிறைத்துவைக்கும் தெளிந்த நீரிலே பிறப்பது. தொட்டியிலும், மூடாத குடத்திலும், கொல்லையிற் கிடக்கும் சிரட்டையிலும், பழைய டயரிலும் அது முட்டையிடுகின்றது. நீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும் அம்முட்டை, நீர் வற்றினும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். மீண்டும் நீர் வந்தவுடன் பொரிக்கும். முட்டை கொசுவாதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும். ஆதலின், வாரத்துக்கு ஒருமுறை குடத்தையும் தொட்டியையும் கவிழ்த்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தலே அந்நோய்க்குத் தக்க தடை. தேங்காய் நாரும் இரு கைகளுமே இதற்கு வேண்டும் கருவிகள்.

இங்கே முதற் சாராரின் கூற்று வெல்வது போலத் தோன்றும். ஆனால், மேலும் ஒரு வினா எழுகின்றது: அப்பெண்மணி ஏன் அத்தனை குடங்களில் நீரை நிறைத்துவைத்தாள்? குழாயில் நாள்தோறும் நீர் வருமென்னும் உறுதி அவளுக்கு இல்லை. நீர் வரும் நாளில் வீட்டிலுள்ள பாத்திரம் அனைத்தையும் நிறைத்துக்கொள்ளாவிடின், வாராத நாளில் பிள்ளைகளுக்கு நீரில்லை. அவளைப் பார்த்து “குடத்தைக் கவிழ்” என்பது எளிது. கவிழ்த்த குடத்தை மறுநாள் நிறைத்துத் தருவார் யார்? எனவே, நாள்தோறும் நீர் தருதல் ஊராட்சியின் கடமை. பாத்திரத்தைத் தேய்த்து மூடுதல் வீட்டாரின் கடமை. ஒன்றின்றி மற்றொன்று பயன் தாராது. ஒரு வீட்டிற் பிறந்த கொசு அவ்வீட்டாரை மட்டும் கடித்து அமைவதில்லை. மதிலைக் கடந்து அயல்வீட்டுக் குழந்தையையும் கடிக்கின்றது. “என் உடல் என் உரிமை, என் வீடு என் விருப்பம்” என்பார்க்கு இக்கொசுவே தக்க விடை.

அக்காலத்து மக்கள் செய்தது யாது? நிலவேம்புக் குடிநீர் அரசு மருத்துவமனைகளிலும் தெருமுனைகளிலும் வழங்கப்பட்டது. மக்கள் திரண்டு சென்று பருகினர். பொதிய மலையின் அடிவாரத்தில், 1964 முதல் அரசினர் சித்த மருத்துவக் கல்லூரி நடைபெறும் பாளையங்கோட்டையை உடைய நம் சீமையில், அக்குடிநீர்பால் மக்கள் அன்பு கொண்டது இயல்பே. அதன் ஆற்றலைப் பற்றி வாதிடுதல் எம் நோக்கமன்று. “நிலவேம்பு இலவசமாகத் தருக” என்று கேட்ட வாய்கள், “நாள்தோறும் நீர் தருக, கொசுப்புழு தேடும் பணியாளரை ஆண்டு முழுதும் வைத்திருக்க” என்று கேட்டனவா என்பதே எம் வினா. நோய்க் காலத்தில் நியமிக்கப்படும் பணியாளர், நோய் தணிந்ததும் மறக்கப்படுகின்றனர். நோய் வாராதிருக்கும் ஆண்டு யாருடைய உழைப்பால் வந்தது என்று ஆராய்வார் இல்லை.

நம் ஆற்றையும் நோக்குக. பொதியத்திற் பிறந்து, பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் எனப் பல ஊர்களை வாழ்வித்துப் புன்னைக்காயலருகே கடலொடு கலக்கும் பொருநை, தான் தோன்றிய மாநிலத்திலேயே கடலை அடையும் பேறுடைய ஆறு. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி என்னும் மூன்று மாவட்டங்களின் ஊர்கள் பலவும் இவ்வாற்றின் நீரையே குடிக்கின்றன. அவ்வாற்றிலேதான் நகரத்துக் கழிவுநீர் ஓடைகள் வழியே வந்து கலக்கின்றது. நீராடுவோர் களைந்துவிட்ட துணிகள் மூட்டை மூட்டையாகப் படித்துறைகளிற் கிடக்கின்றன. இதுபற்றி உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குகளும் நடந்துள்ளன. மேலூரார் விடும் கழிவைக் கீழூரார் குடிக்கின்றனர்; கீழூரார் விடும் கழிவை அவர்க்குக் கீழுள்ளார் குடிக்கின்றனர். பின்னர் எல்லோருமாகச் சேர்ந்து புதிய மருத்துவமனை வேண்டுமென விண்ணப்பிக்கின்றோம்!

நாட்டின் மருத்துவத் திட்டங்களை வகுத்தோர் இவ்வுண்மையை அறியாதவரல்லர். 1939ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. குடிநீர், கழிவுநீர் வாய்க்கால், கொசு ஒழிப்பு முதலியவற்றில் நகராட்சிகளும் பிற உள்ளூர் ஆட்சிகளும் செய்ய வேண்டுவனவற்றை அது விரித்துரைத்தது. பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனி இயக்ககமும் தனிப் பணியாளரும் அமைந்திருத்தல் இன்றும் தமிழ்நாட்டுக்குரிய சிறப்பு. ஸர் ஜோஸப் போர் தலைமையில் 1943இல் அமைக்கப்பட்ட குழு, 1946இல் தன் அறிக்கையை அளித்தது. பொருளில்லாமையால் ஒருவரும் மருத்துவம் பெறாதிருத்தல் கூடாது என்றும், நோய் தடுத்தலும் நோய் தீர்த்தலும் ஒருங்கே நடைபெறும் நிலையங்கள் சிற்றூர்தோறும் எட்டும்படி அமைதல் வேண்டும் என்றும் அது வற்புறுத்திற்று. இன்று நாம் காணும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் அவ்வித்திலிருந்து முளைத்தவையே.

வாணியனுக்குக் கொடுத்தல் என்பதை நாட்டளவிற் செய்து காட்டியது பள்ளி மதிய உணவு. அக்காலத்துத் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்த எட்டயபுரத்தில் 1956இல் காமராசர் அதனைத் தொடங்கி வைத்தார். அது கல்வித் திட்டமென்றே பெரிதும் பேசப்படுகின்றது. எம் நோக்கில் அது மருத்துவத் திட்டமுமாம். ஒருவேளைச் சோறு எத்தனை நோய்களை வாயிலிலேயே தடுத்திருக்கும் என்பதைக் கணக்கிட வல்லார் யார்?

தடுத்தலின் பெருமைக்கு மற்றொரு சான்றும் காட்டுவோம். நரம்புச் சிலந்தி என்னும் கொடிய நோய் முன்னாளில் தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களில் இருந்தது. படி இறங்கி நீர் மொள்ளும் கிணறுகளின் வழி உடலிற் புகுந்து, ஓராண்டளவில் நீண்ட புழுவாய்க் காலைத் துளைத்துக்கொண்டு வெளிவருவது அது. அதனைத் தீர்க்கும் மருந்தில்லை, தடுக்கும் ஊசியுமில்லை. எனினும், 1996க்குப்பின் நம் நாட்டில் அந்நோயாளர் ஒருவரும் இலர்; 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை அந்நோயற்ற நாடென்று சான்றளித்தது. துணியில் வடிகட்டிய நீர், சீர்செய்த கிணறு, ஊர் ஊராய்ச் சென்று சொல்லிய பணியாளர் என்னும் இவற்றாலேயே அவ்வெற்றி கிட்டிற்று. இன்று எம் வயதினர் பலர் அந்நோயின் பெயரையும் கேட்டதில்லை. தடுத்தலின் வெற்றி இத்தகையது; அது முற்றுப்பெறும் நாளில் மறக்கப்பட்டுவிடும்.

இம்மறதியே நாட்டின் முன்னுரிமைகளைத் திரிக்கின்றது என்பது எம் துணிபு. அரசு மக்களின் கண்ணாடி. மக்கள் எதனைக் கண்டு மகிழ்வரோ அதனையே அரசு முன்னர்ச் செய்யும். மருத்துவமனைக் கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு; மண்ணுக்குள் மறையும் கழிவுநீர்க் குழாய்க்கு அத்தகைய விழாவில்லை. பிழைத்தெழுந்த நோயாளி நன்றி கூறுவார். நோயே வாராதவர் யாருக்கு நன்றி கூறுவார்? 2009இல் தமிழ்நாட்டிலும் 2018இல் நாடு முழுமைக்கும் பெரிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் தொடங்கப்பட்டன. ஏழையின் நிலம் விலைபோகாமற் காத்தமைக்காக அவற்றைப் போற்றுதல் கடன். ஆயினும், அவை பெரும்பாலும் மருத்துவமனைக் கட்டிலிற் படுத்தபின்னரே கைகொடுப்பவை என்பதை மறத்தலாகாது. 2017ஆம் ஆண்டுத் தேசிய நலக் கொள்கை, நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு 2.5 பங்கைப் 2025க்குள் அரசுகள் நலத்துறைக்குச் செலவிடல் வேண்டும் என்றும், அதில் மூன்றில் இரண்டு பங்கேனும் ஆரம்ப நிலை மருத்துவத்துக்குச் செல்லல் வேண்டும் என்றும் கூறிற்று. 2021–22ஆம் ஆண்டுக் கணக்கில் அரசுகளின் செலவு 1.84 பங்கே. அவ்வாண்டில் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் நூற்றுக்கு ஏறக்குறைய 39 பங்கு, மக்கள் தம் மடியிலிருந்து அவிழ்த்துக் கொடுத்ததாகும். முன்னைய நிலையை நோக்க இது குறைவே. எனினும், கூலி வேலை செய்வானுக்கு இச்சுமை சிறிதன்று.

“நெஞ்சு நோவால் இப்போது துடிப்பவனுக்குக் கழிவுநீர் வாய்க்காலைப் பற்றிச் சொற்பொழிவாற்றுவீரோ?” என்று சிலர் எம்மை வினவலாம். வினா நியாயமானதே. 1870 முதல் நாசரேத்தில் நிலவிவரும் தூய லூக்கா மருத்துவமனையும், 1965இல் தோன்றிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும், ஐகிரவுண்டு என்று மக்கள் வழங்கும் அதன் பெரிய மருத்துவமனையும் இல்லாத சீமையை எம்மால் நினைத்துப் பார்க்கவும் இயலாது. மருத்துவமனை வேண்டாம் என்பார் பேதையர். ஆனால், அம்மருத்துவமனைகளிற் சென்று பாருங்கள். தடுத்திருக்கக்கூடிய நோயாளர் கட்டில்களை நிறைத்துக் கொண்டிருப்பதால், தடுத்தற்கரிய நோயாளர் தரையிற் பாய் விரித்துக் கிடக்க நேர்கின்றது. நெஞ்சு நோவால் துடிப்பவனுக்கு விரைவிற் கட்டில் கிடைக்க வேண்டுமாயின், டெங்குவும் வயிற்றுப்போக்கும் அங்கு வாராதிருத்தல் வேண்டும். தடுப்பவர் குணப்படுத்துவாரின் பகைவரல்லர். அவர்க்கு இடமொழித்துத் தருபவர். வேலூரில் 1900இல் மருத்துவத் தொண்டு தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார், கட்டடத்தினுள் அமைந்துவிடாது சாலையோரங்களிற் சென்று மருத்துவஞ் செய்ததும் இதனை உணர்ந்தே போலும்.

வீட்டு வாயிலைத் தேடிச் செல்லும் பணி எத்துணை வலிமையுடையது என்பதற்குத் தமிழ்நாட்டின் தாய்மாரே சான்று. 2018–20ஆம் ஆண்டுகளின் கணக்கின்படி, ஒரு லட்சம் மகப்பேற்றுக்கு இறந்த தாய்மார் இந்தியா முழுமைக்கும் 97, தமிழ்நாட்டில் 54. இவ்வேறுபாட்டிற்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதலிடத்தில் வைத்து எண்ணத்தக்கவர், கருவுற்ற பெண்ணின் பெயரைக் குறித்துக்கொண்டு மாதந்தோறும் வீடு தேடிச் செல்லும் கிராம சுகாதாரச் செவிலியர். அவருக்குச் சிலையில்லை, அவர் பெயரில் தெருவுமில்லை. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டமும், நீரிழிவுக்கும் குருதி அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு சென்று இவ்வழியையே பின்பற்றிற்று. தெருவைத் துலக்கும் தூய்மைப் பணியாளரையும் யாம் இவ்வரிசையில் வைத்தே எண்ணுகின்றோம். விடியற்காலையில் அவர் ஒருவாரம் வாராதொழியின், நகரத்து மருத்துவர் அனைவரும் கூடினும் அக்குறையை நிரப்புதல் அரிது.

ஈண்டுத் தமிழ் மாணவராகிய எமக்குரிய பங்கினையும் கூறாதொழியின் இக்கட்டுரை நிறைவுறாது. கேட்கத் தெரிந்தவனுக்கே கிடைக்கும். கேட்பதற்குச் சொல் வேண்டும். நோயாளி கையில் தரும் சீட்டும், மருந்துப் புட்டியின்மேல் ஒட்டிய குறிப்பும், ஆய்வுக்கூடத்தின் முடிவும் அவனுக்கு விளங்காத மொழியில் உள்ளன. தன் உடலைப் பற்றிய செய்தியையே பிறர் படித்துச் சொல்லக் கேட்பவன், ஊரின் நலத்தைப் பற்றி எங்ஙனம் வாதிடுவான்? 2017இல் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் உரிய தடுப்பூசியைப் பள்ளிகளிற் போடத் தொடங்கியபோது, அதனாற் பிள்ளைகளுக்குத் தீங்கு விளையும் என்னும் வதந்தி வாட்ஸ்அப் வழியே தமிழகமெங்கும் பறந்தது. பெற்றோர் பலர் அஞ்சிப் பின்வாங்கினர். குறித்த காலத்தை நீட்டிக்கவும் நேர்ந்தது. பொய் எல்லோர்க்கும் விளங்கும் தமிழிலே வந்தது. மெய்யோ சுற்றறிக்கைத் தமிழில் வந்தது. அச்சம் வென்றதில் வியப்பென்னை?

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிற் பணிபுரிந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன், இவ்வுண்மையை நன்குணர்ந்தவர். கடல் கடந்து வந்த அவர் தமிழ் கற்றார். உடற்கூறு, மகப்பேறு, அறுவை மருத்துவம் ஆகியன பற்றிய நூல்களைத் தமிழில் ஆக்கினார், ஆக்குவித்தார். மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அயல்நாட்டார் ஒருவர் அக்காலத்தே செய்யத் துணிந்ததை, அச்சும் கணினியும் கைவந்த இக்காலத்தே, பொருநைக் கரையிற் பிறந்த நாம் செய்யத் தயங்குதல் முறையாகுமா? இலக்கணமும் இலக்கியமும் ஓதும் நாம், நீரிழிவு உடையார் உண்ணும் முறையையும், கொசுப்புழுவை ஒழிக்கும் வகையையும், காய்ச்சலுற்ற குழந்தையிடம் அஞ்சத்தக்க குறிகளையும், மேலப்பாளையத்து மூதாட்டியும் வள்ளியூர்ப் பனைத்தொழிலாளியும் ஒருமுறை கேட்ட அளவில் விளங்கிக்கொள்ளும் தமிழில் எழுதுவோமாயின், அதுவும் தமிழ்த் தொண்டே. மருத்துவம் பயிலும் நண்பர் பொருள் தருவர். நாம் சொல் தருவோம்.

எனவே, மாணவ நண்பர்களே, நம் கேள்வியை மாற்றுவோம். வாக்குக் கேட்டு வருவாரிடம், “எங்களூருக்கு எப்போது மருத்துவமனை வரும்?” என்று வினவுவதோடு, “எங்கள் தெருக் குழாயில் நாள்தோறும் நீர் வருமா? எங்களூர்க் கழிவு ஆற்றிற் கலவாதிருக்க என் செய்தீர்? எங்களூர்ச் செவிலியர் இடம் எத்தனை மாதமாக வெற்றிடமாயுள்ளது?” என்றும் வினவுவோம். வினவுமுன், நம் விடுதியின் நீர்த்தொட்டிகளை வாரந்தோறும் தேய்த்துக் கழுவுவோம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது தாய் தந்தையரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று குருதி அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து வருவோம். இவ்விரண்டும் சேர்ந்தாலன்றி ஒன்றும் நிலைபெறாது. பழைய மாணவர்களாகிய பெரியோர், பட்டம் பெற்றுச் சென்ற ஊர்களில் நகராட்சியிலும் ஊராட்சியிலும் செல்வாக்குடையராய் இருக்கின்றனர். அவர்களும் இவ்வாண்டு தத்தம் ஊரின் வரவுசெலவுக் கணக்கை ஒருமுறை வாங்கிப் பார்ப்பாராக. அதில் வைத்தியனுக்கு எவ்வளவு, வாணியனுக்கு எவ்வளவு என்று எண்ணிப் பார்த்து, அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு வினா விடுப்பாராக.